அமெரிக்க யூத விருந்தாளிக்கு வெள்ளவத்தை வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

முதலில் கேளுங்கள்: வீட்டில் கோஷர் (யூத உணவுச் சட்டம்) பார்ப்பீர்களா, வெளியிலும் பார்ப்பீர்களா? அமெரிக்க யூதர்களில் ஓர்த்தடொக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபோர்ம் என்ற பிரிவினரின் நடைமுறை வேறு வேறு. பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் 2020 ஆய்வின்படி வீட்டில் கோஷர் கடைப்பிடிக்கும் பெரியவர்கள் சுமார் 17 வீதம்தான். கடைப்பிடிக்காதவரும் தன்னை முழு யூதராகவே உணரலாம், "அப்ப நீங்கள் உண்மையான யூதரில்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள்.

ஹலால் இறைச்சி கோஷர் ஆகாது, ஆகவே மீனே நல்லது. செட்டையும் செதிலும் இருக்கவேண்டும்: பாரை சரி, சுறா, இறால், நண்டு, கணவாய் கூடாது. தோலோடு வாங்கினால் செதிலை அவரே பார்க்கலாம். புதுக் கத்தியால் வெட்டி, இரண்டு அடுக்கு அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி அவணில் வேகவையுங்கள். பழைய சட்டியில் சமைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை: அதில் முன்பு வெந்த இறைச்சியின் சாரம் ஊறியிருக்கும் என்பது அவர்கள் சட்டம். சம்பலில் மாசி போடவேண்டாம். தேங்காய்ப்பால் மாவில் பாற்புரதம் கலந்திருக்கலாம். தேங்காயைத் திருவிப் பிழியுங்கள். கீரையில் பூச்சி தேடவேண்டியிருக்கும், விட்டுவிடுங்கள். முழுப் பழம் எப்போதும் பாதுகாப்பு.

சபத் (வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாள்) கடைப்பிடிப்பவரென்றால் சூரியன் மறைய 18 நிமிடத்துக்கு முன்பே மெழுகுதிரி ஏற்றுவார். கொழும்பில் அது ஆறு மணியை ஒட்டி வரும். அதன்பின் வாகனம், தொலைபேசி, சுவிட்ச் எதுவும் தொடமாட்டார். நடக்கும் தூரத்தில் தங்கவைத்து, கழிவறை விளக்கை முன்பே போட்டுவிடுங்கள்.