காவிவயிற்று ஈப்பிடிப்பானைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோஸ்டாரிகாவின் ஓசா தீபகற்பத்திலும் டிரினிடாடின் அரிமா பள்ளத்தாக்கிலும் புதிதாக வருகிறவர்கள் காவிவயிற்று ஈப்பிடிப்பான் (ஓக்கர்-பெல்லீடு ஃபிளைகேட்சர்) என்ற சின்னப் பறவையைத் தேடும் விதத்தைப் பார்க்கிறேன். திரும்பத் திரும்ப அதே தவறுகள். சத்தம் போடக்கூடாது என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

ஈ பிடிக்கும் என்று காத்திருப்பது

பூச்சி, சிலந்தியும் தின்னும்தான். ஆனால் இதற்குப் பழம்தான் முக்கியம். மைக்கோனியா புதர் பழுத்திருந்தாலோ புல்லுருவி காய்த்திருந்தாலோ அங்கே நில்லுங்கள். பழத்துக்கு நேரே அந்தரத்தில் ஒரு கணம் சிறகடித்து நின்று, பறித்துக்கொண்டு போகும்.

நிறத்தை மட்டும் நம்புவது

நீளம் சுமார் 13 செ.மீ., முதுகு ஆலிவ் பச்சை. இந்த அளவில் பச்சைக் குருவிகள் அந்தக் காட்டில் ஏராளம். வயிற்றின் காவியும் நிழலில் மங்கிவிடும். சிறகைக் கவனியுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சிறகை மட்டும் முதுகுக்கு மேல் வெடுக்கென்று தூக்கி இறக்கும். அப்புறம் மற்றொன்றை.

மர உச்சியைப் பார்ப்பது

கீழே பாருங்கள். புதர் உயரத்தில்தான் இருக்கும்.

பதிவு செய்த குரலைப் போடுவது

எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள், ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் ஆளுக்கோர் இடம் பிடித்து, ஒரே மாதிரியான சின்ன ஒலியை விடாமல் பாடும். இந்தக் கூட்டுமேடைக்கு லெக் என்று பெயர். பெட்டை வந்து பார்த்து, பிடித்த ஆணோடு சேரும். ஆணின் பங்கு அத்தோடு சரி. கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் பெட்டையின் பாடு. ஆக, அந்தக் கிளையில் பாடுவதுதான் ஆணுக்கு எல்லாமே.

ஓசாவில் ஒரு காலையில் நல்ல லெக் ஒன்று கிடைத்தது. ஒரு ஆண் கைக்கெட்டும் உயரத்தில், அலகைத் திறக்கும்போதெல்லாம் தொண்டை துடிக்கப் பாடிக்கொண்டிருந்தது. குழுவில் ஒருவர் படத்துக்காக செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டார். பாட்டு நின்றது. இல்லாத எதிரியைத் தேடி எங்கள் தலைக்கு மேல் கிளைக்குக் கிளை தாவியது. அதற்குள் அந்தப் பக்கம் வந்த இன்னொரு பறவை, பெட்டையாக இருக்கலாம், திரும்பிப் போய்விட்டது. அவருக்குக் கிடைத்ததோ கலங்கலான ஒரு படம். ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் பறவையை எதற்குக் கூப்பிட வேண்டும்? தள்ளி நின்று காத்திருந்தால், அதே கிளைக்குத் தானே திரும்பி வரும்.

கூட்டை நெருங்குவது

ஓடைக்கு மேல் வேர் நுனியில் பாசி உருண்டை தொங்கினால், அது இதன் கூடாக இருக்கலாம். நிற்காமல் நகருங்கள்.