ஓஆர்எம் தகராறு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“என் மெஷினில் நன்றாகத்தான் ஓடியது, சர்வரில் போட்டதும் படுத்துவிட்டது.” ஓஆர்எம் (டேட்டாபேஸ் டேபிள்களைக் கோடில் ஆப்ஜெக்ட்களாகக் கையாள உதவும் லைப்ரரி) வைத்து வேலை செய்யும் குழுக்களில் இந்தப் புலம்பல் அடிக்கடி கேட்கும். ஜாங்கோ, எஸ்க்யூஎல்ஆல்கெமி, ஹைபர்நேட், எதுவானாலும் கதை ஒன்றுதான். உடனே எல்லோரும் தங்கள் கோடை வரி வரியாகப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் டேட்டாபேஸுக்கு அது தெரியப்போவதில்லை. அதனிடம் போய்ச் சேர்ந்த எஸ்க்யூஎல் எது, அது எப்போது போனது என்று பாருங்கள். இதில் ‘எது’ என்பதை ஓரளவு கவனிக்கிறோம், ‘எப்போது’ என்பதைத்தான் கோட்டைவிடுகிறோம்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் லாகைத் திறந்து வையுங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமியில் எஞ்சினை உருவாக்கும் இடத்தில் எக்கோவை ட்ரூ ஆக்கினால் போதும். ஜாங்கோவுக்கு டீபக் டூல்பார் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எத்தனை க்வெரி போனது என்று எண்ணியே காட்டிவிடும். பாதி பிரச்சினை இந்த எண்ணிக்கையைப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும்.

எண்ணிக்கை எகிறியிருந்தால் அநேகமாக அது பேர்போன ‘என் பிளஸ் ஒன்’ (N+1) தான். 100 ஆர்டர்களை ஒரு க்வெரியில் எடுக்கிறீர்கள். லூப்புக்குள் ஒவ்வொரு ஆர்டரிலும் வாடிக்கையாளர் பெயரைத் தொடுகிறீர்கள். தொடும் ஒவ்வொரு தடவையும் ஒரு க்வெரி கிளம்புகிறது, மொத்தம் 101. உங்கள் மெஷினில் பத்து ஆர்டர்தான் இருந்தது, டேட்டாபேஸும் அதே மெஷினில் இருந்தது, அதனால் உறைக்கவில்லை. இந்த லூப் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்காது என்பது கூடுதல் தொல்லை. டெம்ப்ளேட்டுக்குள் இருக்கும், சீரியலைசருக்குள் இருக்கும், ஏன், லாகில் அச்சிடுவதற்காக எழுதிய ஒரு சின்ன மெத்தடுக்குள்கூட இருக்கும்.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஜாங்கோவில் ஃபாரின் கீ உறவுக்கு செலக்ட்_ரிலேட்டட், பல பொருள் வரும் உறவுக்கு ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட். ஆனால் மருந்து போட்ட பிறகு செய்யும் தவறுகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஆர்டரின் ஐட்டங்களை ப்ரீஃபெட்ச் செய்துவிட்டு, லூப்புக்குள் அந்த ஐட்டங்கள் மீது ஃபில்டர் போட்டால், எடுத்து வைத்தது பயன்படாது; ஒவ்வொரு ஆர்டருக்கும் புது க்வெரி போகும். முன்பு 101, இப்போது 102! ஃபில்டர் வேண்டுமென்றால் ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே அந்த க்வெரிசெட்டைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பயத்தில் எல்லாவற்றையும் ஜாயினில், அதாவது டேபிள்களை ஒட்டி எடுக்கும் ஒரே க்வெரியில், இழுப்பது. ஓர் ஆர்டருக்கு 20 ஐட்டம், 10 பேமெண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே ஜாயினில் இழுத்தால் அந்த ஓர் ஆர்டருக்கே 200 வரிசை (ரோ) வரும். ஹைபர்நேட்டில் இரண்டு லிஸ்ட்களை இப்படிச் சேர்த்து எடுத்தால் மல்டிபிள் பேக் என்று ஒரு எர்ரர் கொடுக்கும். லிஸ்ட்டை செட்டாக மாற்றினால் எர்ரர் மறைந்துவிடும், ஆனால் டேட்டாபேஸிலிருந்து அந்த 200 வரிசை வரத்தான் செய்யும். எஸ்க்யூஎல்ஆல்கெமிக்காரர்கள் உறவைத் தனி க்வெரியில் எடுக்கும் செலக்ட்இன்லோடைப் பயன்படுத்தினால் இந்தப் பெருக்கலே நடக்காது. கலெக்‌ஷனை ஃபெட்ச் ஜாயினில் எடுத்து அதன் மேல் பேஜினேஷனும் போடுவது இதைவிட மோசம்: ஹைபர்நேட் எல்லா வரிசையையும் மெமரிக்குக் கொண்டுவந்து அங்கே வைத்துப் பக்கம் பிரிக்கும். லாகில் ஒரு எச்சரிக்கை வரும், அதை யாரும் படிப்பதில்லை.

சரி, செஷனுக்கு வருவோம், அதாவது ஓஆர்எம் டேட்டாபேஸோடு பேசத் திறந்து வைக்கும் அமர்வுக்கு. ஹைபர்நேட்டின் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்‌ஷனும் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் டிட்டாச்டு இன்ஸ்டன்ஸ் எர்ரரும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன: செஷன் மூடிய பிறகு, ஏற்றாத ஒன்றைத் தொட்டீர்கள். இதைப் பார்த்ததும் உறவுகளை எல்லாம் ஈகர் (முதலிலேயே ஏற்றுவது) என்று மாற்றிவிடுகிறார்கள். எர்ரர் போய்விடும், ஆனால் அந்த உறவு தேவையே இல்லாத இடங்களிலும் இனி அது கூடவே வரும். மாடலில் லேசியாகவே (தொடும்போது மட்டும் ஏற்றுவது) இருக்கட்டும், தேவைப்படும் க்வெரியில் மட்டும் கேட்டு வாங்குங்கள். ஹைபர்நேட் பின்பற்றும் ஜாவா தரமான ஜேபிஏவில் மெனி டு ஒன், ஒன் டு ஒன் இரண்டும் எதுவும் சொல்லாவிட்டால் ஈகர்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்க்யூஎல்ஆல்கெமியில் புதியவர்களைக் குழப்பும் இன்னொன்று: கமிட் ஆனதும் ஆப்ஜெக்ட்டில் இருந்த மதிப்புகள் எல்லாம் காலாவதியாகிவிடும். அடுத்து ஆப்ஜெக்ட்டைத் தொடும்போது மறுபடி ஒரு செலக்ட் போகும். கமிட்டுக்குப் பிறகு ஐடியை லாகில் அச்சிட்டதற்கு எதற்கு ஒரு க்வெரி என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

‘முந்தைய எக்ஸெப்‌ஷன் காரணமாக இந்த ட்ரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆகிவிட்டது’ என்று எர்ரர் வந்தால், அது காட்டும் வரியில் தேடாதீர்கள். அதற்கு முன்னால் எங்கேயோ ஒரு இன்டெக்ரிட்டி எர்ரரைப் பிடித்து, ரோல்பேக் செய்யாமல் (பாதியில் நின்ற மாற்றங்களைத் திரும்பப் பெறாமல்) விழுங்கியிருப்பீர்கள். லாகில் மேலே போய் முதல் எர்ரரைப் பாருங்கள்.

கனெக்‌ஷன் பூல் (தயாராக வைத்திருக்கும் டேட்டாபேஸ் இணைப்புகள்) தீர்ந்துவிட்டது என்று எர்ரர் வந்தால் பூல் சைஸை ஏற்றுவதும் இதே ரகம்தான். எஸ்க்யூஎல்ஆல்கெமியின் இயல்பான அளவு 5, அதற்கு மேல் 10 வரை போகலாம். அதாவது ஒரு ப்ராசஸுக்கு 15. எட்டு ப்ராசஸ் ஓடினால் 120. போஸ்ட்க்ரெஸின் இயல்பான உச்சவரம்போ 100. இதில் சைஸை இன்னும் ஏற்றினால் சுமை டேட்டாபேஸ் பக்கம் நகரும், அவ்வளவுதான். செஷனை மூடாமல் விட்ட இடம் எது, செஷனைத் திறந்து வைத்துக்கொண்டே வெளி ஏபிஐ ஒன்றுக்குக் காத்திருக்கும் இடம் எது என்று முதலில் தேடுங்கள்.

மெதுவாக ஓடுவது பரவாயில்லை, சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதுதான் ஆபத்து. ஸ்டாக் 10 இருக்கிறது. இரண்டு ரிக்வெஸ்ட்கள் ஒரே சமயத்தில் அதைப் படிக்கின்றன. ஒன்று 3 கழித்து 7 என்று எழுதுகிறது, மற்றது 2 கழித்து 8 என்று எழுதுகிறது. 5 இருக்க வேண்டிய இடத்தில் 8 நிற்கிறது. எந்த எர்ரரும் இல்லை. ‘அட்டாமிக்குக்குள் (ஜாங்கோவில் ஒரே ட்ரான்ஸாக்ஷனாக ஓட்டும் வழி) போட்டிருக்கிறேனே’ என்பார்கள். ரீட் கமிட்டட் நிலையில் (கமிட் ஆனதை மட்டும் படிக்கும் நிலை) அது இதைத் தடுக்காது. கழித்தலை டேட்டாபேஸிடமே ஒப்படையுங்கள். ஜாங்கோவில் அதற்குத்தான் எஃப் எக்ஸ்ப்ரெஷன். கணக்கு சிக்கலாக இருந்தால் செலக்ட் ஃபார் அப்டேட் போட்டு வரிசையைப் பூட்டுங்கள், இல்லையென்றால் இடையில் யாராவது மாற்றினார்களா என்று காட்டும் ஒரு வெர்ஷன் ஃபீல்டு வையுங்கள். ஜாங்கோவில் வெறுமனே சேவ் போட்டால் மாறிய ஃபீல்டு மட்டுமல்ல, எல்லா ஃபீல்டும் எழுதப்படும். பொருளின் பெயரைத் திருத்திய ஒருவர் பழைய ஸ்டாக்கையும் சேர்த்து எழுதிவிட்டுப் போவார். அப்டேட்_ஃபீல்ட்ஸ் கொடுத்தால் தப்பிக்கலாம்.

டிசைனில் நான் கறாராக இருக்கும் விஷயம் ஒன்று: ஒரே ஈமெயில் இரண்டு தடவை வரக்கூடாது என்றால் அது டேட்டாபேஸில் யூனிக் கன்ஸ்ட்ரெய்ண்ட்டாக இருக்க வேண்டும். மாடலில் மட்டும் எழுதிய சரிபார்ப்பு ‘இருக்கிறதா’ என்று கேட்கும், ‘இல்லை’ என்று பதில் வரும். அந்த இடைவெளியில் இன்னொரு ரிக்வெஸ்ட் நுழைந்துவிடும். ஹூக்குகளை (சேவ் ஆகும்போது தானாக ஓடும் கோடை) நம்புவதும் இப்படித்தான். ஜாங்கோவில் க்வெரிசெட் மீது அப்டேட் போட்டாலோ பல்க்_க்ரியேட் செய்தாலோ உங்கள் சேவ் மெத்தடும் ஓடாது, ப்ரீ_சேவ், போஸ்ட்_சேவ் சிக்னல்களும் போகாது.

மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்டை) தானாக உருவாக்கவிட்டு, திறந்துகூடப் பார்க்காமல் ஓட்டுவதை எப்படித்தான் தைரியமாகச் செய்கிறார்களோ. ஃபீல்டின் பெயரை மாற்றினால் எஸ்க்யூஎல்ஆல்கெமியின் மைக்ரேஷன் கருவியான அலெம்பிக் அதைப் பெயர் மாற்றம் என்று புரிந்துகொள்ளாது. பழையதை நீக்கு, புதியதைச் சேர் என்று எழுதி வைக்கும். அப்படியே ஓட்டினால் பழைய ஃபீல்டில் இருந்த டேட்டா போயே போய்விடும்.

கடைசியாக, ரிப்போர்ட்கள். ஐந்து டேபிளைச் சேர்த்து, மாதவாரியாகத் தொகுத்து, முந்தைய மாதத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் ஓஆர்எம்மின் மெத்தட்களை வளைத்து வளைத்து எழுதாதீர்கள். நேரடியாக எஸ்க்யூஎல் எழுதுங்கள், அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. மதிப்புகளை மட்டும் ஸ்ட்ரிங்கில் ஒட்டாமல் பாராமீட்டராகக் கொடுங்கள். அந்த க்வெரி மெதுவாக இருந்தால், அப்படியே எடுத்து, டேட்டாபேஸ் அதை எப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டுப் பார்த்துவிடலாம்.