வண்டி வராத காட்டுப் பாதையில் முதல் சைக்கிள் சவாரி: ஹார்க்கர்வில் வழிகாட்டி

"அக்கா, பின்னாடி வண்டி வருதான்னு திரும்பித் திரும்பிப் பாத்தே கழுத்து வலிக்குது." மதுரையிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த சித்தி மகள், தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் (இப்போதைய பெயர் கெபெர்ஹா) தெருவில் சைக்கிள் ஓட்டிய முதல் நாள் இப்படிச் சொன்னாள். பத்தாம் வகுப்போடு சைக்கிளை விட்டவள். ஓட்டுவது மறக்கவில்லை, வண்டிகளைக் கண்டுதான் பயம். மறு வாரம் அவளை ஹார்க்கர்வில் காட்டுக்குக் கூட்டிப் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர் அளவு ஓட்டினாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளைப் போலப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, அன்று நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தப் பாதை என்று முடிவு செய்யுங்கள்

ஹார்க்கர்வில், நைஸ்னா, பிளெட்டன்பர்க் பே என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே என்2 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. போர்ட் எலிசபெத்திலிருந்து ஏறத்தாழ 250 கி.மீ. 2009இல் உருவான கார்டன் ரூட் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி இது. சைக்கிளுக்கென்று நான்கு வட்டப் பாதைகள் உண்டு, நிறத்தை வைத்துத்தான் அடையாளம். நீலம் 12 கி.மீ. அளவு, மஞ்சளும் பச்சையும் அதைவிடச் சற்று நீளம், சிவப்பு 22 கி.மீ.க்கு மேல். கடலைப் பார்த்த செங்குத்துப் பாறை விளிம்பு வரை போவது சிவப்பு. படங்களில் அழகாகத் தெரிவதும் அதுதான்.

முதல் தடவை நீலம் போதும். நான் முதலில் போனபோது நேராகச் சிவப்பில் இறங்கிவிட்டேன். பாதி வழியில் காலில் பிடிப்பு, தண்ணீரும் தீர்ந்துபோனது. கடைசி ஆறேழு கிலோமீட்டரைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் கடந்தேன். அந்தக் கடலை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

2. நாளைப் பாருங்கள்

இந்தப் பக்கம் வருடம் முழுக்க மழை உண்டு. மழைக்காலம், வெயில்காலம் என்று பிரித்துத் திட்டம் போட முடியாது. பெரிய மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் விட்டுப் போங்கள். ஈர வேர் சோப்புத் துண்டு மாதிரி வழுக்கும். ஈர மண்ணில் டயர் போட்ட தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிப் பாதையையே அரித்துவிடும். நுழைவுக் கட்டணத்தையும் பாதை திறந்திருக்கிறதா என்பதையும் தேசியப் பூங்காக்களை நடத்தும் சான்பார்க்ஸ் அமைப்பிடம் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

3. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

மலை சைக்கிள் வேண்டும். வாடகைக்கு எடுத்தால் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. ஆனால் கடை வாசலிலேயே நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே விட்டு, குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக நின்றால் சீட் உயரம் சரி. அடுத்தது பிரேக். இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை வாடகைக்குக் கிடைத்த சைக்கிளில் பின் பிரேக் கைப்பிடி வரை அப்படியே அழுந்தியது. நான் அதைக் கவனித்தது முதல் இறக்கத்தில்! மூன்றாவது டயர் காற்று. தார்ச்சாலைக்கு அடிப்பதுபோலக் கல் மாதிரி அடிக்காதீர்கள். 65 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, டியூப் உள்ள டயரில் 30 பிஎஸ்ஐ அளவு போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பைத் தாண்டவும் வேண்டாம், அதற்குக் கீழே போகவும் வேண்டாம். கடைசியாகக் கியர், எல்லாப் பல்லிலும் செயின் சிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஹெல்மெட் கட்டாயம். தென்னாப்பிரிக்கச் சாலையில் அது சட்டம், காட்டில் உங்கள் தலைக்காக.

4. பையில் என்ன?

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மாற்று டியூப், கைப் பம்ப், டயர் கழற்றும் நெம்பி, மெல்லிய மழைச் சட்டை. போனில் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள், மரத்தடியில் சிக்னலை நம்ப முடியாது. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்குக் கைபேசியிலிருந்து 112. சாப்பாட்டுக்கு நாங்கள் புளிசாதமும் கடலைமிட்டாயும் கொண்டுபோவோம். பபூன் குரங்குகள் கண்ணில் பட்டால் டப்பாவைத் திறக்கவே கூடாது.

5. ஓட்டும் முறை

புதியவர்கள் விழுவதெல்லாம் பெரும்பாலும் வேர்மேல் பிரேக் பிடிக்கும்போதுதான். அதனால் வேருக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், வேர்மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். வேரைச் சாய்வாகத் தொடாமல் நேர்குறுக்காகக் கடங்கள். இறக்கத்தில் சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி நில்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடிக்கவே வேண்டாம். மேட்டுக்கு முன்னாலேயே கியரைக் குறையுங்கள், ஏறும்போது மாற்றினால் செயின் முனகும். பார்வை பத்தடி தள்ளி இருக்கட்டும். முன் சக்கரத்தையே பார்த்தால் சக்கரம் பள்ளத்தைத் தேடித்தான் போகும்.

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் சரளைச் சாலையைக் கடக்க வேண்டியிருக்கும், அங்கே வண்டி வரலாம், நின்று பாருங்கள். நடந்து வருகிறவர்களுக்கு எப்போதும் வழி விடுங்கள்.

6. நின்று பாருங்கள்

நேரக் கணக்கில் ஒரு மணி நேரம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். தென்னாப்பிரிக்காவின் தேசிய மரமான யெல்லோவுட் இங்கே நிற்கிறது. அதன் உறவான அவுட்டெனிக்குவா யெல்லோவுட்டின் பட்டை, காய்ந்த அப்பளம் மாதிரி சுருண்டு செதில் செதிலாக உரியும். கிளைகளில் நரைத்த தாடி போலப் பாசிக் கொடி தொங்கும். நைஸ்னாக் காட்டில் இந்த மரங்களில் சில, பல நூறு ஆண்டு வயதானவை. வெட்டினால் நாறும் ஸ்டிங்க்வுட்டுக்கும் யெல்லோவுட்டுக்கும் ஆசைப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கோடாரி விழுந்த காடு இது. 1939இல் மரவெட்டிகளுக்கு ஓய்வூதியம் கொடுத்து வெளியே அனுப்பச் சட்டம் வந்தது. மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம்.

ஓடைத் தண்ணீரைப் பார்த்துச் சித்தி மகள், "சாக்கடையா அக்கா?" என்று முகம் சுளித்தாள். கையில் அள்ளிக் காட்டினேன். பால் விடாத தேநீரின் நிறம், அடியில் கல் தெளிவாகத் தெரிகிறது. மட்கிய இலைகளின் சாயம்தான் அது. அந்த நேரம் தலைக்கு மேல் கரகரத்த ஒரு குரல். பச்சைப் பறவை ஒன்று கிளை தாவியது, இறக்கை விரிந்ததும் உள்ளே குங்குமச் சிவப்பு. நைஸ்னா லூரி. அந்தச் சிவப்பு நிறமியில் செம்பு இருக்கிறது.

யானை வருமா என்று நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். ஒரு காலத்தில் இந்தக் காடுகளில் யானைக் கூட்டங்கள் இருந்தன. 2019இல் வெளிவந்த கேமரா ஆய்வில் தெரிந்தது ஒரே ஒரு பெண் யானை. இதைச் சொன்னபோது சித்தி மகள் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். "துணைக்கு யாருமே இல்லையா அக்கா?" என்றாள்.

7. வந்ததும்

டயரில் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிடுங்கள், வேறு காட்டுக்கு விதை ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. செயினைத் துணியால் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மறுநாள் தொடை வலிக்கும், வலிக்கட்டும். இரண்டு வாரம் கழித்து மஞ்சள் பாதைக்குப் போங்கள்.