பழைய காரின் மசாக் துண்டு உடைந்தால்: தூக்கிப் போடாமல் சரிசெய்யும் முறை

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பியட் 1100, பழைய அம்பாசிடர் என்று எந்த வண்டியை எடுத்தாலும், வெளியே பளபளக்கிற எம்ப்ளம், கைப்பிடி, விளக்கு வளையம் இவற்றில் பல மசாக்கில் வார்த்தவை. துத்தநாகத்தில் சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த உலோகம் அது. வண்டலூரில் ஹெரால்டு தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கிற புதுப்பேட்டையில் தேடினாலும் கிடைப்பது இன்னொரு உடைந்த துண்டாகத்தான் இருக்கும். அதனால் கையில் இருப்பதை, நொறுங்கிய துணுக்கு உட்பட, ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். உடைந்த விளிம்பை அரத்தால் ராவிவிடாதீர்கள். அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் இரண்டு துண்டும் அதனதன் இடத்தில் சரியாக உட்காரும்.

முதலில் உலோகம் எது என்று பாருங்கள். பின்பக்கம் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டினால் பித்தளை மஞ்சளாகத் தெரியும். மசாக் சாம்பல் நிறம், காந்தம் ஒட்டாது, அதே அளவு அலுமினியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். உடைந்த முகத்தில் மணல்மணலாக மினுக்கம் தெரியும். பித்தளை என்றால் கவலையே இல்லை, வெள்ளிப் பற்று (வெள்ளி கலந்த கம்பியை உருக்கி இணைப்பது) வைத்து முடித்துவிடலாம்.

மசாக் என்றால், வேலையைத் தொடுமுன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இந்தத் துண்டு மறுபடி குரோமுக்குப் போகிறதா, பெயின்டுக்கா? இதை யோசிக்காமல் எபாக்சி வைத்து ஒட்டிவிட்டு பிளேட்டிங் பட்டறைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். எபாக்சியில் மின்சாரம் ஓடாது. ஒட்டின இடத்தில் முலாம் பிடிக்கவே பிடிக்காது.

பெயின்டு அடிக்கப் போகிற துண்டு, அல்லது கண்ணில் படாத உள்பக்கத் துண்டு என்றால் எபாக்சி போதும். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற ரகம் வேண்டாம். ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் சாதாரண அரால்டைட்டே நல்லது. இரண்டு முகத்தையும் தின்னரில் துடைத்து, எதிரெதிரே 1.5 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் சொருகி ஒட்டுங்கள். பின்னால் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றையும் சேர்த்து ஒட்டினால் அதிர்வு தாங்கும். சூப்பர் குளூவைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். பிடிப்பு சில நாளில் விட்டுப்போகும், பிசுபிசுப்பு மட்டும் விளிம்பில் தங்கி அடுத்து செய்கிற வேலையையும் கெடுக்கும்.

குரோம் வேண்டுமென்றால் ஈயப் பற்றுதான் வழி. ஆனால் மசாக்கில் ஈயம் நேராக ஒட்டாது, மேலே செம்பு இருக்க வேண்டும். துண்டுகளை அம்பத்தூர் பக்கம் நல்ல பிளேட்டிங் பட்டறையில் கொடுத்து, பழைய குரோமையும் நிக்கலையும் எடுக்கச் சொல்லி, முதலில் சயனைடு காப்பர் பூச்சு கேளுங்கள். அமிலச் செம்புத் தொட்டியில் நேராக முக்கினால் மசாக்கையே அரித்துவிடும். சயனைடு கொடிய விஷம். பட்டறைக்காரர் செய்யட்டும், வீட்டில் முயல வேண்டாம். ஆசிட் ஊற்றி நீங்களே குரோம் உரிப்பதும் வேண்டாம். குரோம் போன கையோடு அடியில் உள்ள துத்தநாகமும் நுரைத்துக் கரையும்.

செம்பு ஏறி வந்தபின் துண்டுகளை அசையாமல் பிடிக்க ஒரு படுக்கை தேவை. உடையாத பகுதிக்கு வாஸ்லின் தடவி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முகம் கீழாக அழுத்தி அச்சு எடுத்துக் காயவிடுங்கள். அதில் வைத்து, பின்பக்கம் ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி, 60/40 ஈயக்கம்பியால் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) பற்றவைத்து, அரை மில்லிமீட்டர் பித்தளைப் பட்டையைக் குறுக்கே வைத்து ஈயத்தில் மூழ்கடியுங்கள். அப்புறம் திருப்பி, முன்பக்க விரிசலிலும் ஈயத்தை நிரப்பி, ஆறியபின் அரத்தால் மட்டம் செய்யுங்கள்.

இங்கே சூடுதான் எமன். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். மசாக் உருக ஆரம்பிப்பது 380 டிகிரி வாக்கில். எஃகு சிவந்து எச்சரிக்கும், மசாக் எதுவும் சொல்லாது. இந்த நொடி கெட்டியாக இருக்கும், அடுத்த நொடி வெண்ணெய் மாதிரி குழைந்து விழும். அதனால் கேஸ் வெல்டிங் கூடாது. நல்ல வாட்டேஜ் உள்ள சால்டரிங் அயர்னே போதும். கடையில் ‘குறைந்த சூட்டு அலுமினியக் கம்பி’ என்று விற்பதையும் வாங்காதீர்கள். பல ரகங்கள் 390 டிகிரி வாக்கில்தான் உருகும். அதற்குள் உங்கள் எம்ப்ளம் போயிருக்கும்.

அடியில் வெள்ளைப் பொடி கிளம்பிக் குரோமில் கொப்புளம் வந்த துண்டுக்கும் இதே முறைதான். ஒவ்வொரு குழியையும் சின்ன உருண்டை பர்ரால் (சுழன்று குடையும் முனை) பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தோண்ட வேண்டும். துளி பொடி மிச்சமிருந்தாலும் புதுக் குரோமுக்கடியில் மறுபடி கிளம்பும். பிறகு செம்பு, ஈயம், 220-இலிருந்து 600 வரை எமரி, மறுபடி கனமான செம்பு, பஃப் (துணிச் சக்கரத்தில் மெருகு), நிக்கல், குரோம். இதில் அவசரப்படுத்தினால் பட்டறைக்காரர் செம்பைச் சுருக்கிவிடுவார். பளபளப்பு முழுக்க அந்தச் செம்பில்தான் இருக்கிறது.

எம்ப்ளத்தின் பின்னால், வண்டியில் மாட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் கால் முறிவதுதான் அடிக்கடி வரும் கேஸ். இதை வீட்டிலேயே செய்யலாம். மிச்சக் கட்டையை மட்டம் செய்து நடுவில் புள்ளி குத்துங்கள். 2.5 மில்லிமீட்டர் டிரில்லில், எவ்வளவு ஆழம் போகலாமோ அங்கே ஒட்டும் டேப் சுற்றிக்கொண்டு துளையுங்கள். முன்பக்கம் புடைப்பு தெரிந்துவிட்டால் மீட்பது கஷ்டம். எம்3 (3 மில்லிமீட்டர்) மரை வெட்டும் டேப்பில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மரை போடுங்கள். பித்தளை மரைக்கம்பியில் துளி எபாக்சி தொட்டு முறுக்கினால் பழைய காலைவிட உறுதி.

ஒட்டவே முடியாத அளவுக்கு நொறுங்கியிருந்தால், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு வார்க்கிற மாதிரி மணல் அச்சில் பித்தளையில் வார்க்கலாம். ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும்; 200 மில்லிமீட்டர் துண்டு 3 மில்லிமீட்டர் குறையும். அதனால் கால்களை வார்க்காமல், பாடியில் உள்ள துளையை அளந்து பிறகு பொருத்துங்கள்.

திரும்ப மாட்டும்போது தகரத்துக்கும் மசாக்குக்கும் நடுவே சைக்கிள் டியூபில் கேஸ்கெட் வெட்டி வையுங்கள். தண்ணீர் தங்கி அரிப்பது அங்கேதான். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, ஸ்பேனரில் கால் சுற்று கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.