ரெஸ்டோர் லாக்கில் எரர்களை எண்ணாதீர்கள், படியுங்கள்

அப்கிரேடின்போது டேட்டாபேஸ் பேக்கப்பை ரெஸ்டோர் செய்யப் போகும் புதியவர்கள் ஆண்டுதோறும் விழுவது அதே பழைய குழிகளில்தான். பேக்கப் எடுக்க மறப்பது, வேறு சர்வரில் கமாண்டை ஓட்டிவிடுவது, டிஸ்க் நிரம்பிவிடுவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை நடந்த நிமிடமே தெரிந்துவிடும். நடந்ததே தெரியாமல், மறுநாள் காலையில் எல்லோரும் புதிய பதிப்பில் வேலையைத் தொடங்கிவிடும் வகைத் தவறுகளைப் பற்றியே பேசப்போகிறேன். பெரும்பாலும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இன்னொன்றான மைஎஸ்கியூஎல் வேறுபடும் இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

"எப்போதும் வரும் எரர்தானே" என்று கடந்துபோவது

போஸ்ட்கிரெஸின் ரெஸ்டோர் கருவியான பிஜி_ரெஸ்டோர் ஓர் எரரைக் கண்டால் நிற்காது. லாக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். கடைசியில் 'எரர்ஸ் இக்னோர்டு ஆன் ரெஸ்டோர்: 37' என்று ஒரு எண்ணிக்கையை மட்டும் எச்சரிக்கையாகத் தரும். இந்த ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போவதுதான் இந்த வேலையிலேயே அதிக விலை கேட்கும் தவறு.

ஒரு வழக்கமான அப்கிரேட் இரவை எடுத்துக்கொள்வோம். பழைய சர்வரிலிருந்து டம்ப், அதாவது பேக்கப் கோப்பு, வந்தாயிற்று, புதிய சர்வரில் ரெஸ்டோரும் ஓடி முடிந்தது. 37 எரர்களில் முதல் 5 எரர்களைப் படிக்கிறார்கள். ஐந்துமே 'இந்த ரோல் இல்லை' என்பவை. பழைய சர்வரில் இருந்த யூசர்கள் புதியதில் இல்லாததால் அனுமதி வழங்கும் கட்டளைகள் தோற்றிருக்கின்றன. "ஓ, பெர்மிஷன் பிரச்சினைதான், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்" என்று முடிவாகிறது. 35 எரர்கள் அப்படிப்பட்டவையே. மீதி இரண்டில் ஒன்று, ஒரு டேபிளின் தரவு ஏறவில்லை என்கிறது.

அந்த ஒன்றின் கனம் தெரிய, தரவு எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். டம்ப் எடுக்கும் கருவியான பிஜி_டம்ப் வழக்கமாக ஒரு டேபிளின் எல்லா வரிகளையும் ஒரே காப்பி கட்டளையாக எழுதுகிறது. ஒரு கட்டளை என்றால் முழுதாக வெல்லும், இல்லையென்றால் முழுதாகத் தோற்கும். 20 லட்சம் வரிகளில் 48,213ஆவது வரியில் ஒரு பைட் தவறாக இருந்தால் போதும், 20 லட்சம் வரிகளும் வராது. டேபிள் இருக்கும், நெடுவரிசைகள் இருக்கும், இண்டெக்ஸ் இருக்கும், உள்ளே ஒரு வரிகூட இருக்காது. லாக்கில் அதற்கும் ஓர் எரர்தான், ஒரு பெர்மிஷன் தோற்றதற்கும் ஓர் எரர்தான்.

இது அதிகம் நடப்பது எழுத்துக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக எழுதிவைக்கும் முறையில். பழைய டேட்டாபேஸ் எஸ்கியூஎல்_ஆஸ்கி குறியாக்கத்தில் இருந்தால், அது எந்த பைட்டையும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்திருக்கும். புதியது யுடிஎஃப்-8. பத்து வருடத்துக்கு முன் யாரோ வேர்டு கோப்பிலிருந்து ஒட்டிய ஒரு நீளக் கோடு, 0x96 என்ற பைட்டாக உள்ளே கிடக்கும். யுடிஎஃப்-8 அதை ஏற்காது.

37இல் மீதமிருக்கும் இன்னோர் எரர் ஃபாரின் கீ. பிள்ளை டேபிளின் ஒவ்வொரு வரியும் சுட்டும் வரி தாய் டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு அது. தாய் டேபிள் காலி, பிள்ளை டேபிள் நிரம்பியிருக்கிறது. கட்டுப்பாட்டை உருவாக்க முடியவில்லை. இங்கே செய்யப்படும் ஒரு காரியம் இன்றும் எரிச்சலூட்டுகிறது. "தாய் இல்லாத வரிகள் கிடக்கின்றன, அவற்றை டெலீட் செய்தால் கட்டுப்பாடு ஏறிவிடும்" என்று தேடிப் படித்துவிட்டு, பிள்ளை டேபிளையும் காலி செய்துவிடுகிறார்கள். எரர் மறைந்துவிடும். ஒரு டேபிள் போனது இரண்டு டேபிள் ஆகிவிடும். ஃபாரின் கீ எரர் ஏறக்குறைய எப்போதும் பின்விளைவுதான். அதைத் தொடும் முன் லாக்கில் மேலே போய், தரவு ஏறாத டேபிள் எது என்று தேடுங்கள்.

பிறகு மைக்ரேஷன், அதாவது டேபிள்களைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றும் ஸ்கிரிப்ட், ஓடுகிறது. காலி டேபிளில் எந்த மைக்ரேஷனும் வெல்லும். அதுவும் கண்மூடித் திறப்பதற்குள். ஒத்திகையில் 20 நிமிடம் எடுத்த படி இப்போது 2 நொடியில் முடிந்தால் புதிய சர்வர் வேகமானது என்று மகிழ வேண்டாம், அந்த டேபிளில் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். ஆப் எழுந்துவிடும், லாகின் வேலை செய்யும், முகப்புப் பக்கம் வரும். மறுநாள் மதியம் ஒருவர் பழைய இணைப்பு ஒன்றைத் திறந்து "காணவில்லை" என்று சொல்லும்போது, புதிய சர்வரில் அரை நாள் புதுத் தரவு சேர்ந்திருக்கும். பின்னால் போனால் அது போகும், முன்னால் போனால் பழையது போகும்.

இதைத் தடுக்க வேண்டிய வேலை அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை.

முதலில் பிஜி_டம்ப்ஆல் கட்டளையை 'குளோபல்ஸ்-ஒன்லி' ஆப்ஷனோடு ஓட்டி, ரோல்களைத் தனிக் கோப்பாக எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றுங்கள். பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும், ரோல்களை எடுக்காது. இந்த ஒரு படியிலேயே அந்த 35 எரர்களும் போய்விடும். இரைச்சல் போனால் மீதி இரண்டும் கண்ணில் படும்.

அடுத்து, 'எக்ஸிட்-ஆன்-எரர்' ஆப்ஷனோடு ரெஸ்டோர் செய்யுங்கள். முதல் எரரிலேயே நின்றுவிடும். டேட்டாபேஸ் சிறியதென்றால் 'சிங்கிள்-டிரான்சாக்ஷன்' இன்னும் நல்லது. எல்லாம் ஏறும், அல்லது எதுவும் ஏறாது. ஆனால் பல இழைகளில் ஓட்டும் 'ஜாப்ஸ்' ஆப்ஷனோடு அதைச் சேர்க்க முடியாது. பெரிய டேட்டாபேஸ் என்றால் 'செக்ஷன்' ஆப்ஷனால் ப்ரீ-டேட்டா, டேட்டா, போஸ்ட்-டேட்டா என்று மூன்று ஓட்டமாகப் பிரித்து மூன்று லாக் வையுங்கள். நடுவில் உள்ள டேட்டா லாக்கில் எரர் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் அந்த இரவு மைக்ரேஷன் கிடையாது.

லாக்கைப் படிக்கும்போது எரருக்கு மேலே 'ஃப்ரம் டிஓசி என்ட்ரி' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதில் பொருளின் வகை இருக்கும். 'ஏசிஎல்' என்றால் அனுமதி, பிறகு சரிசெய்யலாம். 'டேபிள் டேட்டா' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

எந்த வரிதான் கெட்டது என்று கண்டுபிடிக்க, அந்த ஒரு டேபிளை மட்டும் 'இன்செர்ட்ஸ்' ஆப்ஷனோடு மறுபடி டம்ப் எடுத்து, ஒரு சோதனை டேட்டாபேஸில் ஏற்றுங்கள். ஒவ்வொரு வரியும் தனிக் கட்டளை ஆவதால் கெட்டவை மட்டும் தோற்கும்; மெதுவாக ஓடும், ஆனால் பட்டியல் கையில் கிடைக்கும். அந்த வரிகளைப் பழைய டேட்டாபேஸிலேயே திருத்திவிட்டு முழு டம்பை மறுபடி எடுப்பதுதான் சுத்தமான வழி. டம்ப் கோப்பில் கிளையன்ட் குறியாக்கத்தை வின்1252 என்று மாற்றி ஏற்றும் குறுக்குவழி, எல்லா வரியும் அதே குறியாக்கத்தில் இருந்தால் மட்டுமே சரிவரும். கலந்து கிடந்தால், ஏற்கெனவே சரியாக இருந்த யுடிஎஃப்-8 வரிகள் பலவும் எரரே இல்லாமல் சிதைந்துபோகும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல் உண்டு. புது வரிகளுக்கு ஐடி எண் வழங்கும் சீக்வென்ஸின் மதிப்பு, டம்பில் டேபிள் தரவிலிருந்து தனி உருப்படியாக இருக்கிறது. அதனால் டேபிள் காலியாக இருந்தாலும் சீக்வென்ஸ் பழைய எண்ணிலிருந்தே தொடர்ந்திருக்கும். புது வரிகளின் ஐடி பழையவற்றோடு மோதாது. கெட்ட வரிகளைத் திருத்தி மறுபடி எடுத்த டம்பிலிருந்து அந்த டேபிளை மட்டும் 'டேட்டா-ஒன்லி'யாக ஏற்றிச் சேர்க்க முடியும். மைக்ரேஷன் புதிதாகச் சேர்த்த நெடுவரிசைக்கு டீஃபால்ட் மதிப்பு இல்லாமல், காலியாக விடக்கூடாது என்ற நாட் நல் கட்டுப்பாடு மட்டும் இருந்தால் அதைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருக்கும். ஏற்றியபின் அந்த நெடுவரிசையை நிரப்பும் மைக்ரேஷன் வேலையை அந்த வரிகளுக்கு மட்டும் கையால் செய்ய வேண்டும்.

வெறும் எஸ்கியூஎல் கோப்பை பிஎஸ்கியூஎல்லில் ஊற்றுவது

பிஎஸ்கியூஎல் என்பது போஸ்ட்கிரெஸின் கமாண்ட் லைன் கருவி. இங்கே நிலைமை இன்னும் மோசம். பிஜி_ரெஸ்டோராவது எரர்களைக் கடந்து வந்தால் 1 என்ற எக்ஸிட் கோடைத் தரும் (முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி). பிஎஸ்கியூஎல் நூறு எரர் கண்டாலும் கோப்பைப் படித்து முடித்துவிட்டால் 0 தரும். அப்கிரேட் ஸ்கிரிப்ட் அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும். ஆன்_எரர்_ஸ்டாப் என்ற மாறியை 1 ஆக வைத்தால்தான் முதல் எரரில் நின்று 3 தரும்.

திரை முழுக்க 'இன்வேலிட் கமாண்ட் \என்' என்று ஓடினால் அந்த வரிகளை ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். மேலே எங்கோ ஒரு டேபிள் உருவாகவில்லை, அதனால் காப்பி தொடங்கவில்லை, தரவு வரிகளை எல்லாம் பிஎஸ்கியூஎல் கட்டளை என்று எண்ணிப் படிக்கிறது. உண்மையான எரர் அந்த வெள்ளத்துக்கு முந்திய முதல் வரி. டேபிளுக்குத் தேவையான எக்ஸ்டென்ஷன் (போஸ்ட்கிரெஸின் கூடுதல் தொகுப்பு) நிறுவப்படாததுதான் பெரும்பாலும் காரணம்.

மைஎஸ்கியூஎல்லில் 'ஃபோர்ஸ்' போடுவது

மைஎஸ்கியூஎல் கிளையன்ட் முதல் எரரிலேயே நின்றுவிடும். அது நல்ல குணம். 5.7இலிருந்து 8.0க்குப் போகும்போது டிரிகர், ப்ரொசீஜர் (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்த நிரல்கள்) உள்ள டம்புகள் எரர் 1231இல் நிற்கும். 'நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர்' என்ற எஸ்கியூஎல் மோட் 8.0இல் நீக்கப்பட்டுவிட்டது, பழைய டம்ப் அதைக் கேட்கிறது. கோப்பில் அந்தச் சொல்லை மட்டும் நீக்கினால் போதும். அதற்குப் பதிலாக 'ஃபோர்ஸ்' போட்டால் இந்த எரரோடு சேர்ந்து எல்லா எரரும் கடந்துபோகும். மைஎஸ்கியூஎல்டம்ப் பல வரிகளை ஒரே இன்செர்ட்டில் கட்டி எழுதுகிறது. ஒரு இன்செர்ட் தோற்றால் அதிலுள்ள அத்தனை வரியும் போகும். டேபிள் காலியாக இருக்காது, நடுவில் ஓட்டை இருக்கும். காலி டேபிளைவிட அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ப்ரொசீஜர்களும் ஈவென்ட்களும் (குறித்த நேரத்தில் ஓடும் வேலைகள்) வழக்கமான டம்பில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ரூட்டீன்ஸ்', 'ஈவென்ட்ஸ்' ஆப்ஷன்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாதி ஏறியதன் மேல் மறுபடி ஏற்றுவது

டேட்டாபேஸை ட்ராப் செய்து, புதிதாக உருவாக்கி, மறுபடி தொடங்குங்கள்.

ரெஸ்டோர் ஓடும்போது ஆப்பை இயங்க விடுவது

அது எழுந்தவுடன் தன் டேபிள்களைத் தானே உருவாக்கிவிடும். நிறுத்துங்கள்.

பழைய டம்ப் கருவியால் எடுப்பது

பழைய சர்வரிலிருந்து எடுத்தாலும், போகப்போகும் புதிய பதிப்பின் பிஜி_டம்பாலேயே எடுங்கள். புதியது பழைய சர்வரைப் புரிந்துகொள்ளும். பழையது புதிய சர்வரைத் தொடவே மறுக்கும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப் டாட் காமின் முதன்மை டேட்டாபேஸ் தவறுதலாக அழிக்கப்பட்டபோது இதுவே வெளியில் வந்தது. சர்வர் 9.6, பேக்கப் எடுக்க ஓடிய பிஜி_டம்ப் 9.2. அது எரர் கொடுத்து நின்றுகொண்டே இருந்திருக்கிறது. பேக்கப் சேமிக்கும் இடம் காலி. எரரைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் என்ற அனுப்புநர் சரிபார்ப்புச் சோதனையில் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத்துக்கு முந்தைய ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது.

டம்பைச் சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்குக் குழாய் (பைப்) வழியாக அனுப்பும்போதும் இதே ஆபத்து. ஷெல்லுக்குக் கிடைப்பது ஜிஜிப்பின் எக்ஸிட் கோட். டம்ப் தோற்றாலும் ஜிஜிப் வெல்லும், 20 பைட் அளவில் ஓர் அழகான காலிக் கோப்பு கிடைக்கும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் 'பைப்ஃபெயில்' போடுங்கள், குழாயில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். எஸ்கியூஎல் கோப்பின் கடைசியில் டம்ப் முழுமையடைந்தது என்று சொல்லும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மைஎஸ்கியூஎல்டம்பும் அப்படி ஒரு வரியை எழுதும்.

பின்வாங்கும்போது மிச்சத்தை விட்டுவிடுவது

அப்கிரேட் தோற்று, பழைய பேக்கப்பை அதே டேட்டாபேஸில் திரும்ப ஏற்றுகிறீர்கள். 'கிளீன்' ஆப்ஷன் இருப்பதால் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை. அந்த ஆப்ஷன் டம்பில் உள்ள பொருள்களை மட்டுமே நீக்கும். புதிய பதிப்பின் மைக்ரேஷன் உருவாக்கிய புது டேபிள்கள் டம்பில் இல்லை, ஆகவே அப்படியே கிடக்கும். ஆப் பழைய பதிப்பில் ஒழுங்காக ஓடும். இரண்டு வாரம் கழித்து மறுபடி அப்கிரேட் முயன்றால், 'டேபிள் ஏற்கெனவே இருக்கிறது' என்று முதல் மைக்ரேஷனே தோற்கும். பின்வாங்குவதும் காலி டேட்டாபேஸில்தான் நடக்க வேண்டும்.

சீக்ரெட் கீயை மறப்பது

ஆப் தன் சீக்ரெட் கீயால் என்கிரிப்ட் செய்த நெடுவரிசைகள் எரர் இல்லாமல் ஏறும், ஆனால் அந்தக் கீ இல்லாமல் யாராலும் படிக்க முடியாது. அந்தக் கீ இருக்கும் கான்ஃபிக் கோப்பும் பேக்கப்பின் பகுதி.

வரிகளை மதிப்பீட்டில் ஒப்பிடுவது

போஸ்ட்கிரெஸின் புள்ளிவிவரக் காட்சிகள் தரும் வரி எண்ணிக்கை தோராயமானது. ஒவ்வொரு டேபிளுக்கும் இரு பக்கமும் உண்மையான கவுண்ட் எடுங்கள். டம்ப் தொடங்கும் முன்பே பழைய பக்கம் எழுத்தை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் எண்கள் பொருந்தவே பொருந்தாது. எண் சரியென்றால், புள்ளிவிவரத்தைப் புதிதாகச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையை ஓட்டுங்கள். குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் பிளானருக்கான புள்ளிவிவரம் வழக்கமான டம்பில் வராது. அது இல்லாமல் குவெரிகள் இழுத்தடிக்கும்போது, புதிய பதிப்பே மோசம் என்று அரை நாள் தேடியவர்கள் உண்டு.

பழைய சர்வரைப் படிக்க மட்டும் முடியும் நிலையில், குறைந்தது ஒரு மாதக் கணக்கு முடியும்வரை வைத்திருங்கள். தினமும் தொடாத டேபிள்களை மாதக் கடைசி அறிக்கைகள்தான் தொடும்.