இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்

பாளையங்கோட்டையில் என் பட்டறையில் வேலை பழகும் பையன், போன வாரம் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றின் பெட்ரோல் மீட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இது கூடுதலாகக் காட்டுகிறது, வேறு வாங்க வேண்டும்" என்றான். இன்ஜின் சூட்டைக் காட்டும் ஹீட் மீட்டர் எப்படி என்று கேட்டேன். "அதுவும் கூடுதலாகத்தான் காட்டுகிறது" என்றான். இருபது வருடங்களுக்கு முன் நானும் இதே இடத்தில்தான் வழுக்கினேன். ஃபியூஸ் பார்ப்பது, பேட்டரி முனையைத் துடைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். வழுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மீட்டரையும் தனித்தனியாகச் சந்தேகிப்பது

இந்த வண்டியில் பெட்ரோல் மீட்டருக்கும் ஹீட் மீட்டருக்கும் பேட்டரி மின்சாரம் நேராகப் போவதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் சின்னத் தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதுதான் வோல்டேஜ் ஸ்டெபிலைசர். உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூடாகி வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் சேர்க்கும். இப்படி விட்டு விட்டு அனுப்புவதால் மீட்டர்களுக்குச் சராசரியாக 10 வோல்ட் கிடைக்கிறது. தகட்டைச் சூடாக்கும் சுருளுக்கு எர்த், அந்தப் பெட்டியின் உடம்பு வழியாகவே. எர்த் போனால் தகடு சூடாகாது, மின்சாரம் துண்டிக்கப்படாது, பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் போய்விடும். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும்.

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவரின் ஸ்பிட்ஃபயருக்கு டேஷ்போர்டின் பின்பக்கம் வரை அழகாகப் பெயின்ட் அடித்து, அதன்மேலேயே அந்தப் பெட்டியைத் திருகினேன். ஒரு வாரத்தில் ஹீட் முள் சிவப்பை ஒட்டி நின்றது. தெர்மோஸ்டாட்டை எடுத்தேன். ரேடியேட்டரை இறக்கி அடைப்பு எடுத்தேன். சென்சார் மாற்றினேன், பிறகு வாட்டர் பம்ப். ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுளிக்காமல் பணம் கொடுத்தார். ஒரு நாள் நாகர்கோவில் சாலையில், நாங்குநேரி தாண்டி, வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் மீட்டர் கால் டேங்க் காட்டியது. டேங்கில் ஒரு சொட்டு இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காற்றில் நின்றபோதுதான் உறைத்தது: ஒன்று மட்டுமல்ல, இரண்டுமே கூடக் காட்டுகின்றன. மறுநாள் காலை, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டைச் சுரண்டித் திருகை முடுக்கினேன். இரண்டு முள்ளும் இறங்கின. கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாகங்களுக்குப் போன பணம் போனதுதான். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

எனவே எதையும் கழற்றுமுன், ஒரு முள்ளா, இரண்டுமா என்று பாருங்கள். இரண்டும் என்றால் பெட்டியின் உடம்பிலிருந்து பாடியின் சுத்தமான இரும்புக்குத் தற்காலிகமாக ஒரு வயர் இழுங்கள். சாவி போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். இந்த முள் மெதுவாகத்தான் நகரும். இரண்டும் இறங்கினால் எர்த்தில்தான் கோளாறு. ஸ்டெபிலைசரிலிருந்து மீட்டருக்குப் போகும் மின்சாரத்தைப் பார்த்தால், டிஜிட்டல் மல்டிமீட்டர் 0-க்கும் 12-க்கும் இடையே குதித்துக் குழப்பும். அங்கே டெஸ்ட் பல்ப் மினுங்கினால் ஸ்டெபிலைசர் வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் கோளாறு ஸ்டெபிலைசரிலோ அதன் எர்த்திலோதான். பையன் பார்த்த வண்டியில் பெட்டியின் திருகு துருப்பிடித்திருந்தது.

மீட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பது

வேண்டாம். மீட்டருக்குள் இருக்கும் சுருள் கருகிவிடலாம்.

சென்சார் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது

ஹீட் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. டேப் அதைத் தடுத்தால், செங்கோட்டை மலைப்பாதையில் தண்ணீர் கொதித்தாலும் முள் குளிரிலேயே கிடக்கும். கூடக் காட்டும் மீட்டரைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்; கொதித்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம்.

பெட்ரோல் முள் மட்டும் காலியில் கிடந்தால்

டேங்கின் மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது மூழ்கிவிட்டது. மாற்றுங்கள்; ஓட்டையைப் பற்றவைத்து அடைக்க முயலாதீர்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிளுக்குக் கிரீஸை அள்ளிப் பூசுவது

மேல் முனையில் சில அங்குலம் உலர்ந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும். முள் துள்ளினால் முதலில் கேபிள் எங்கே மடங்கியிருக்கிறது என்று தேடுங்கள். டயர் அளவு மாறியிருந்தாலும் கணக்கு தப்பும். சரிபார்க்க நான்குவழிச் சாலையின் கிலோமீட்டர் கற்கள் போதும்: முள்ளை மணிக்கு 60 கிலோமீட்டரில் நிறுத்தி ஓட்டுங்கள், பக்கத்தில் ஒருவர் நேரம் பார்க்கட்டும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆக வேண்டும். 64 ஆனால் மீட்டர் கூடக் காட்டுகிறது.