பண்ணைக்கு வாக்கி டாக்கி வாங்குகிறீர்களா? முதலில் ஒரு நடை போய் வாருங்கள்

டெக்சஸில் ஆஸ்டினுக்கு மேற்கே, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஹில் கன்ட்ரி பகுதியில் நண்பர் ஒருவர் ஆடு வளர்க்கிறார். விடுமுறைக்குப் போனால் நானும் வேலியில் ஒரு கை பிடிப்பேன். ஓடைப் பக்கம் இறங்கினால் செல்போன் செத்துவிடும். வாக்கி டாக்கிதான் கதி. தொலைத்தும் உடைத்தும் நாங்கள் கற்றுக்கொண்ட வரிசை இது.

முதல் வேலை: நிலத்தை வரையுங்கள்

ஒரு தாளில் வீடு, கேட், பட்டி, தண்ணீர்த்தொட்டி எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். செட் வாயை மூடிக்கொள்ளும் இடம் அநேகமாக அதுதான்.

பெட்டியில் ‘35 மைல்’ என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். அது மலை உச்சியிலிருந்து மரமில்லாத சமவெளிக்குப் பேசும் கணக்கு. தட்டையான தரையில் இருவர் நின்று பேசினால், பூமியின் வளைவே சுமார் 10 கிலோமீட்டரில் கோடு கிழித்துவிடும். நடுவில் சீடர் மரமும் சுண்ணாம்புப் பாறையும் வந்தால் இரண்டு கிலோமீட்டர் கிடைப்பதே பெரிது. வாட்டைக் கூட்டினால், அதாவது செட்டின் சக்தியை ஏற்றினால், சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தடையே இல்லாத வெளியில்கூட, தூரம் இரட்டிக்க வாட் நான்கு மடங்காக வேண்டும். அதைவிட டிரக்கின் மேல் ஏறி நின்று பேசுவது மலிவு.

அப்புறம் லைசென்ஸ்

இதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் யார் பேசப்போகிறார்கள் என்பதை வைத்துத்தான் செட்டின் வகையே முடிவாகிறது.

எஃப்ஆர்எஸ் என்ற வகைச் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம், யாரும் பேசலாம். ஆனால் அதிகபட்சம் 2 வாட். ஆன்டெனாவைக் கழற்றி மாற்ற முடியாது. ஜிஎம்ஆர்எஸ் என்ற இன்னொரு வகையில் 5 வாட் கைச்செட் கிடைக்கும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் 35 டாலர் கட்டினால் 10 ஆண்டுக்கு லைசென்ஸ், பரீட்சை கிடையாது. ஒருவர் எடுத்தால் மனைவி மக்கள், சித்தப்பா, அத்தை, மாமனார் வரை பேசலாம். நம் கல்யாணப் பத்திரிகையே உள்ளே அடங்கிவிடும். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் மட்டும் அடங்கமாட்டார்; அவர் தனியாகத் தன் பெயரில் எடுக்க வேண்டும்.

ஆள் வைத்து நடத்தும் பண்ணை என்றால் மர்ஸ் என்ற வகையைப் பாருங்கள். 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஐந்தே சேனல், 2 வாட், லைசென்ஸ் தேவையில்லை, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். விஎச்எஃப் எனப்படும் இந்த ரேடியோ அலை திறந்த வெளியிலும் செடிகொடிகளுக்கு நடுவிலும் கொஞ்சம் நன்றாகவே போகும். ஆன்டெனாவும் மாற்றலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

ஒன்று: ‘பிரைவசி கோட்’ என்று விற்பதை நம்பி ரகசியம் பேசாதீர்கள். அது மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும். உங்கள் பேச்சை யாரும் கேட்கலாம்.

கையில் எடுத்து உறுதியைப் பாருங்கள்

செட்டில் ஐபி என்று போட்டிருப்பது தூசி, தண்ணீரைத் தாங்கும் தரம். ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் அந்த எக்ஸ்ஸைக் கவனியுங்கள்: தூசிக்குத் தரம் குறிப்பிடவில்லை என்று அர்த்தம். வைக்கோல் தூசிக்கு நடுவில் இது சின்ன விஷயமல்ல. ராணுவத் தரம் 810 என்ற முத்திரைக்கும் மயங்க வேண்டாம். அதில் எந்தெந்தச் சோதனை செய்தார்கள் என்று படியுங்கள். கீழே போடும் சோதனை வழக்கமாக நான்கடி உயரத்திலிருந்து. குதிரைமேல் இருப்பவரின் இடுப்பு அதைவிட உயரம்.

எங்கள் முதல் செட் குளத்தில் போனது. (டெக்சஸிலும் குளத்துக்கு டேங்க் என்றுதான் பெயர், நம் ஊர் இங்கிலீஷ் மாதிரியே.) ஐபி67 செட்தான். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடி சரியாக அமுங்கவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து, சார்ஜர் தொட்டிலில் நிறுத்திச் சார்ஜ் செய்யும் செட்டைத்தான் தேடுகிறேன். மூடியைத் திறக்கும் வேலையே இல்லை.

இரண்டாவது செட்டின் பெல்ட் கிளிப்பை மெஸ்கீட் மரத்தின் முள் இழுத்துவிட்டது. கறுப்பு செட், காய்ந்த புல், சாயங்காலம். தேடித் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இப்போது எல்லாச் செட்டிலும் ஆரஞ்சு டேப் சுற்றி, ஒரு கயிற்றால் மார்புப் பையோடு கட்டிவிடுகிறோம். கிளிப் திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் தோல் கையுறை போட்டுக்கொண்டு பேசும் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதும் நல்லது. சேனல் மாற்றத் திருகும் குமிழ் போதும். மெனுவுக்குள் போய் மாற்றுவதெல்லாம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கிற காரியமா?

பேட்டரி

‘18 மணி நேரம்’ என்பது பெரும்பாலும் 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, மீதி சும்மா இருப்பது என்ற கணக்கு. ஆடு ஓட்டும் நாளில் அப்படி நடக்காது. கழற்றி மாற்றும் பேட்டரி வாங்கி, ஒன்று உபரி வையுங்கள். வெயிலில் டிரக் டாஷ்போர்டில் விடவே கூடாது.

இரண்டே இரண்டு வாங்குங்கள்

மொத்தமாக ஆர்டர் போடாமல், திருப்பித் தரும் வசதியோடு ஒரு ஜோடி. ஒருவர் வீட்டு வாசலில் நிற்கட்டும். இன்னொருவர் தாளோடு நடந்து, குறித்த இடம் ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண்ணட்டும். எத்தனை எண் தெளிவாகக் கேட்டதோ அதை அந்த இடத்தில் எழுதுங்கள். வட்டம் போட்ட பள்ளத்தில் ஏழுக்குக் கீழே வந்தால், மேட்டுக்கு எத்தனை அடி ஏறினால் பத்தும் கேட்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு கம்பு நட்டுவிட்டு வாருங்கள்.